கடல்மேல் தாழ்மேகங்களும் நுண்பிரிதிறன் மாதிரிகளின் ஒப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பரப்புக்கு மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குள் உருவாகும் மேகங்களைக் கணினியில் உருவகப்படுத்தும் மாதிரிகள் உலகின் பல ஆய்வுக் குழுக்களிடம் உள்ளன. அவற்றை ஒரே காட்சியில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக வரையறுத்த ஒரே வானிலைச் சூழலில், ஓட்டி விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் 1990களில் இருந்து தொடர்ந்து வருகிறது. அந்த ஒப்பீடுகள் ஏன் நடக்கின்றன, எப்படி நடக்கின்றன, அவற்றின் விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை பற்றி மாணவர்களும் பிற துறையினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

தாழ்மேகங்கள் என்று இங்கே எவை குறிக்கப்படுகின்றன?

இரண்டு வகைகள். முதலாவது, வியாபாரக் காற்று வீசும் வெப்பமண்டலக் கடல்களில் சிதறிக் காணப்படும் சிறு திரள்மேகங்கள். அவற்றின் அடிப்பகுதி ஏறக்குறைய 500 முதல் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சி பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டரைச் சுற்றி நின்றுவிடும். இரண்டாவது, கலிபோர்னியா, பெரு, நமீபியா ஆகிய கரைகளை அடுத்த குளிர்ந்த கடல்நீரின் மேல் பாய் விரித்தாற்போல் படரும் படைத்திரள் மேகங்கள். இவை சில நூறு மீட்டர் தடிமனே கொண்டிருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும்.

இரண்டுக்கும் மேல்மூடியாக நிற்பது வெப்பத் தலைகீழ் அடுக்கு. அங்கே, மேலே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று, சில பத்து மீட்டர் உயரத்துக்குள் பல டிகிரி சூடாகிவிடுகிறது. ஈரப்பதமும் திடீரென்று விழுந்துவிடுகிறது. மேலிருந்து மெல்லக் கீழிறங்கும் வறண்ட காற்றும், கடலிலிருந்து எழும் ஈரக்காற்றும் எதிரெதிராக அழுத்தும் எல்லை அது. மாதிரிகளின் பெரும்பாலான சிக்கல்களும் அந்த எல்லையில்தான் தொடங்குகின்றன.

இத்தனை சிறிய மேகங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம்?

கடல்நீர் இருண்ட பரப்பு. தன்மேல் விழும் சூரிய ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் ஒரு வெண்மேகப் பாய் விரிந்தால் திரும்பிச் செல்லும் ஒளி பல மடங்காகிறது. உயர்ந்த மேகங்கள் புவியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்து ஓரளவு ஈடுசெய்துவிடும். தாழ்மேகத்தின் உச்சியோ கடல்நீரின் வெப்பநிலைக்கு நெருக்கமாகவே இருப்பதால் அந்த ஈடு இங்கே மிகக் குறைவு. ஆகவே தாழ்மேகங்களின் நிகர விளைவு தெளிவான குளிர்விப்பு.

வளிமண்டலத்தில் கரியமில வாயு இருமடங்கானால் புவியின் சராசரி வெப்பநிலை எவ்வளவு உயரும் என்ற கேள்விக்கு, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி வரை என்ற வீச்சையே தருகிறது. காலநிலை மாதிரிகள் இந்த விடையில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு முதன்மையான காரணம், சூடாகும் உலகில் தாழ்மேகங்கள் குறையுமா, எவ்வளவு குறையும் என்பதில் அவை உடன்படாததே. காலநிலை மாதிரி வளிமண்டலத்தைப் பிரித்துக் கணக்கிடும் ஒரு கட்டம் பல பத்து கிலோமீட்டர் அகலம் கொண்டது. ஒரு திரள்மேகம் அதற்குள் ஆயிரக்கணக்கில் அடங்கும். எனவே மேகத்தை நேரடியாகக் கணக்கிடும் நுண்ணிய மாதிரிகளிடம் போக வேண்டியிருக்கிறது.

நுண்பிரிதிறன் என்றால் எவ்வளவு நுண்மை?

இத்துறையில் மையமாக இருப்பது பெருஞ்சுழல் உருவகப்படுத்தல் என்னும் முறை. காற்றின் கொந்தளிப்பில் உள்ள பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, கட்டத்தைவிடச் சிறிய சுழல்களின் விளைவை மட்டும் ஒரு தோராய விதியால் சேர்ப்பதே அதன் கருத்து. ஸ்மகொரின்ஸ்கி 1963இல் முன்வைத்த விதியும், அதன் வழிவந்தவையும் இன்றும் பல மாதிரிகளில் பயன்படுகின்றன. கட்ட இடைவெளி கிடைமட்டத்தில் பொதுவாக 25 முதல் 100 மீட்டர். செங்குத்தில் 5 முதல் 40 மீட்டர்.

கட்ட இடைவெளியும் பிரிதிறனும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 100 மீட்டர் கட்டம் கொண்ட மாதிரி 100 மீட்டர் அகலமுள்ள மேகத்தை நம்பகமாகக் காட்டாது. எண்முறைக் கணிப்பு சிறிய அலைகளை மழுக்கிவிடுவதால், ஓர் அசைவு ஒழுங்காகத் தெரிய அது கட்ட இடைவெளியைப் போல் ஆறேழு மடங்கு அகலமாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் படிப்போர் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், படங்களில் தெரியும் மிகச்சிறிய மேகங்களுக்கு இல்லாத பொருளைக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லா மாதிரிகளும் ஒரே இயற்பியல் விதிகளைத்தானே தீர்க்கின்றன? விடைகள் ஏன் வேறுபடுகின்றன?

விதிகள் ஒன்றே, அவற்றைக் கட்டங்களில் தீர்க்கும் வழி ஒன்றல்ல. ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் எண்முறையை எடுத்துக்கொள்ளலாம். சில முறைகள் கூர்மையான மாற்றங்களை மழுக்குகின்றன; சில முறைகள் கூர்மையைக் காத்து, அதற்கு விலையாக இல்லாத ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகின்றன. இரண்டும் ஏற்கத்தக்க முறைகளே. ஆனால் சில பத்து மீட்டருக்குள் காற்றின் ஈரம் ஆறில் ஒரு பங்காகக் குறையும் தலைகீழ் அடுக்கில், மழுக்கும் முறை வறண்ட காற்றைச் சற்று அதிகமாக மேகத்துக்குள் விட்டுவிடும். அந்தச் சிறு அதிகம் மணிக்கணக்கில் சேர்ந்து மேகத்தின் தடிமனையே மாற்றிவிடும்.

இதனுடன் கட்டத்துக்குள் அடங்கும் கொந்தளிப்பைக் கணிக்கும் விதி, மேகத்துளிகள் மழைத்துளிகளாகும் வேகத்தைக் கணிக்கும் விதி, கதிர்வீச்சுக் கணக்கு, கடற்பரப்பிலிருந்து வெப்பமும் நீராவியும் எழும் அளவு ஆகியவையும் மாதிரிக்கு மாதிரி மாறுகின்றன. இவை தனித்தனியே நின்று பிழை தருபவை அல்ல. மழை சற்று முந்தினால் காற்றின் வெப்பம் மாறுகிறது. அதனால் கொந்தளிப்பு மாறுகிறது. அடுத்த மணிநேரத்தின் மேகமும் மாறுகிறது. விடையை மட்டும் பார்த்து மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஓர் ஒப்பீடு எப்படி நடத்தப்படுகிறது?

முதலில், நன்றாக அளக்கப்பட்ட ஓர் உண்மை நாள் அல்லது சில நாட்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அந்த அளவீடுகளை எளிமையாக்கி, தொடக்கத்தில் வெப்பநிலையும் ஈரமும் காற்றும் உயரத்துக்கு உயரம் எப்படி இருக்க வேண்டும், பெரும்பரப்புக் காற்று எந்த வேகத்தில் கீழிறங்க வேண்டும், கடலிலிருந்து எவ்வளவு வெப்பம் எழ வேண்டும் என்று ஒரு பொதுக் குறிப்பு எழுதப்படுகிறது. எல்லாக் குழுக்களும் அதே குறிப்பின்படி, அதே பரப்பளவில், அதே கட்டத்தில் மாதிரியை ஓட்டி, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பட்டியலின்படி விடைகளை அனுப்புகின்றன.

எளிமையாக்குதல் என்பது குறைபாடாகத் தோன்றலாம். அதுவே இந்த முறையின் வலிமை என்பது என் கருத்து. மழையை அணைத்துவிட்டு, கதிர்வீச்சை ஒரே சூத்திரத்தால் கொடுத்து, கடற்பரப்பின் வெப்பப் பாய்ச்சலை மாறா அளவாக வைத்தால், எஞ்சும் வேறுபாடு எண்முறையிலிருந்தும் சிறுகொந்தளிப்பு விதியிலிருந்தும் மட்டுமே வர முடியும். அடுத்த ஒப்பீட்டில் மழையைத் திறந்துவிட்டால், கூடுதலாக எழும் வேறுபாட்டுக்கு மழையே காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

இதுவரை நடந்தவற்றில் முக்கியமானவை எவை? அவை எதைக் காட்டின?

உலக அளவிலான மேக ஆய்வுத் திட்டம் ஒன்றின் எல்லை அடுக்குப் பணிக்குழு (புவிப்பரப்பை ஒட்டிய காற்றடுக்கை ஆராயும் குழு) 1990களின் தொடக்கத்தில் இந்த வேலையைத் தொடங்கியது. அதன் வழிவந்த காட்சிகள் இன்றும் புதிய மாதிரி ஒவ்வொன்றுக்கும் முதல் தேர்வாக இருக்கின்றன.

பொமெக்ஸ் எனப்படும் காட்சி, பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடலில் 1969இல் நடந்த அளவீட்டை அடிப்படையாகக் கொண்டது. மழை கிடையாது, பரப்பு 6.4 கிலோமீட்டர் சதுரம். கட்டம் கிடைமட்டத்தில் 100 மீட்டர், செங்குத்தில் 40 மீட்டர். ஓட்டக் காலம் 6 மணிநேரம். 2003இல் வெளியான இதன் முடிவுகளில், பங்கேற்ற 10 மாதிரிகளும் மேக அளவிலும், மேகங்கள் மேலே தூக்கிச் செல்லும் காற்றின் அளவிலும், பக்கவாட்டிலிருந்து கலக்கும் காற்றின் அளவிலும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. அந்த உடன்பாட்டின் பலனாக, காலநிலை மாதிரிகளில் திரள்மேகங்களுக்கான கலப்பு விகிதங்கள் மிகவும் குறைத்து வைக்கப்பட்டிருந்தன என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அளவீட்டால் மட்டும் எட்டியிருக்க முடியாத முடிவு அது.

ஏடெக்ஸ் காட்சியும் 1969ஆம் ஆண்டு அட்லாண்டிக்கைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே திரள்மேகங்கள் எழுந்து தலைகீழ் அடுக்கின் அடியில் மெல்லிய படையாக விரிகின்றன. கீழே உள்ள திரள்மேகங்களில் மாதிரிகள் உடன்பட்டன. மேலே விரியும் படையின் பரப்பில் கடுமையாக முரண்பட்டன. செங்குத்துக் கட்டத்தைச் சற்று மாற்றினாலே ஒரே மாதிரியின் மேகப் பரப்பும் மாறியது. மொத்த மேகப் பரப்பைத் தீர்மானிப்பதே அந்த மெல்லிய படை என்பதால் இது சிறிய குறையாகக் கருதப்படவில்லை.

படைத்திரள் மேகங்களை விமானத்தால் அளந்த டைகாம்ஸ் இரண்டாம் திட்டத்தின் முதல் ஆய்வுப் பறப்பு 2001 ஜூலையில் கலிபோர்னியாவுக்குத் தென்மேற்கே இரவில் நடந்தது. தலைகீழ் அடுக்கு ஏறக்குறைய 840 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதைத் தாண்டியதும் காற்றின் நீராவி கிலோவுக்கு 9 கிராமிலிருந்து 1.5 கிராமாக விழுந்தது. அப்போது வழக்கிலிருந்த ஒரு கோட்பாட்டின்படி, இப்படிப்பட்ட நிலையில் உச்சியில் கலக்கும் வறண்ட காற்று ஆவியாதலால் குளிர்ந்து, கனத்து, கீழே பாய்ந்து, மேகத்தை விரைவிலேயே சிதைத்திருக்க வேண்டும். மேகமோ இரவு முழுதும் இடைவெளியின்றி நின்றது. மாதிரிகள் பலவும் 5 மீட்டர் செங்குத்துக் கட்டம் கொடுக்கப்பட்டிருந்தும் உச்சியில் தேவைக்கு மேல் காற்றை உள்ளே கலந்து, மேகத்தை மெலியச் செய்துவிட்டன. உச்சியில் சிறுகொந்தளிப்புக் கலப்பைக் குறைத்து வைத்த மாதிரிகள் அளவீட்டுக்கு நெருங்கி வந்தன. எங்கே தவறுகிறோம் என்பதை இவ்வளவு துல்லியமாக விரல் வைத்துக் காட்டிய ஒப்பீடு அரிது. 2005இல் வெளியான அந்த முடிவுகளை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மழை சேரும்போது என்ன ஆகிறது?

உடன்பாடு தளர்கிறது. 2004 நவம்பர் முதல் 2005 ஜனவரி வரை ஆன்டிகுவா, பார்புடா தீவுகளுக்கு அருகே நடந்த ரிகோ எனும் மழைத் திரள்மேக அளவீட்டுத் திட்டத்தை வைத்து அமைந்த ஒப்பீட்டில், 12.8 கிலோமீட்டர் சதுரப் பரப்பில் 24 மணிநேரம் மாதிரிகள் ஓட்டப்பட்டன. மேகத்தின் பொதுவான அமைப்பு ஓரளவு ஒத்திருந்தபோதும், கடலை வந்தடையும் மழையின் அளவு மாதிரிக்கு மாதிரி பல மடங்கு வேறுபட்டது.

மேகத்துளியின் ஆரம் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். மழைத்துளியாக வளர அது இலட்சக்கணக்கான துளிகளின் நீரைச் சேர்க்க வேண்டும். சில மாதிரிகள் மொத்த மழைநீரின் நிறையை மட்டும் கணக்கில் வைக்கின்றன. சில மாதிரிகள் நிறையோடு துளிகளின் எண்ணிக்கையையும் வைக்கின்றன. வேறு சில, அளவு வாரியாகத் துளிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. துளிகள் முதலில் மோதிச் சேரத் தொடங்கும் நிலைக்கான விதி இவற்றில் மிகவும் நிச்சயமற்றது. மேகத்தின் ஆழம் சில நூறு மீட்டர் கூடினாலே மழை பெருகிவிடுவதால், இயக்கத்தில் நேரும் சிறு வேறுபாடும் மழையில் பெரிதாகிறது.

மழை விழுந்தபின் நடப்பதும் முக்கியம். மேகத்துக்குக் கீழே ஆவியாகும் மழை காற்றைக் குளிரச் செய்கிறது. கனத்த அந்தக் காற்று கடல்மேல் பரவி, தன் விளிம்பில் புதிய மேகங்களை எழுப்புகிறது. 10 கிலோமீட்டர் பரப்பில் இதற்கு இடமே இருக்காது.

கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் வேறுபாடுகள் மறைந்துவிடாதா?

கட்ட இடைவெளியை மூன்று திசையிலும் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். காலப்படியையும் (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தையும்) பாதியாக்க வேண்டும் என்பதால் கணக்கு வேலை 16 மடங்காகும். வளிமண்டலக் கொந்தளிப்பின் மிகச்சிறிய சுழல் மில்லிமீட்டர் அளவுடையது. 5 மீட்டருக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவைக் கணினித் திறனால் கடக்கலாம் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

வேறொரு இடரும் உண்டு. நுண்ணிய கட்டத்துக்காகப் பரப்பைச் சுருக்கினால், மேகங்கள் கூட்டமாக ஒழுங்கமையும் 20, 50, 100 கிலோமீட்டர் அளவிலான அமைப்புகள் அனைத்தும் விடுபட்டுப்போகின்றன. பிரிதிறனையும் பரப்பையும் ஒருசேரப் பெறுவதே இன்றைய முயற்சி. டேல்ஸ் எனும் நெதர்லாந்து மாதிரியைக் கொண்டு, 150 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் 100 மீட்டர் கட்டத்தில், வெவ்வேறு காற்று, ஈர நிலைகளுக்கு 103 ஓட்டங்கள் கொண்ட தொகுதி ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒரே மாதிரியின் தொகுதி அது என்றாலும், சூழல் மாற்றத்தால் எவ்வளவு வேறுபாடு எழும் என்பதை அது அளந்து தருவதால், மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாட்டை எடைபோட அது உதவுகிறது.

மேகப் பரப்பு என்பது எளிய அளவுதானே? அதில் ஏன் இத்தனை விவாதம்?

ஒரு கட்டத்தில் சிறிதளவு நீர்மம் இருந்தாலே மேகம் என்று கொள்வதா, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தானா என்பதிலேயே விடை மாறும். ஒவ்வோர் உயரத்திலும் மேகம் மூடிய பங்கு ஓர் அளவு. மேலிருந்து பார்க்கும்போது மறைபடும் மொத்தப் பரப்பு மற்றோர் அளவு. பொமெக்ஸ் போன்ற காட்சிகளில் முதலாவது அதிகபட்சமாக ஐந்தாறு சதவீதமே. இரண்டாவது ஏறக்குறைய அதன் இருமடங்கு. செயற்கைக்கோளின் படப்புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலமாக இருந்தால் சிறுமேகங்கள் மங்கி ஒன்றாகத் தெரியும். லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவிக்கோ மிக மெல்லிய மேகமும் தெரியும். மாதிரியின் விடையை அந்தந்தக் கருவி எப்படிப் பார்த்திருக்குமோ அப்படி மாற்றியபின் ஒப்பிடாவிட்டால், வரையறையின் வேறுபாட்டை இயற்பியலின் வேறுபாடாக எண்ணிவிட நேரும்.

பல மாதிரிகளின் சராசரியை உண்மையாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பங்கேற்கும் மாதிரிகள் ஒன்றுக்கொன்று சார்பற்றவை அல்ல. பல மாதிரிகள் ஒரே சிறுகொந்தளிப்பு விதியையும் ஒரே மழை விதியையும் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் பிழைத்தால் சராசரியும் அதே பக்கம் பிழைக்கும். டைகாம்ஸ் ஒப்பீட்டில் உச்சிக் கலப்பு பெரும்பாலான மாதிரிகளில் ஒரே திசையில் மிகுந்திருந்தது இதற்கு நேரடிச் சான்று. எந்த மாதிரி முதலிடம் என்று தரவரிசை இடுவதும் அதேபோல் பயனற்றது. ஒரு காட்சியில் அளவீட்டுக்கு அருகே நிற்கும் மாதிரி, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் அங்கே நிற்கலாம். பரவல் எவ்வளவு, அது எந்த உயரத்தில், எந்தச் செயல்முறையில் பிறக்கிறது என்பதையே ஒப்பீட்டிடம் கேட்க வேண்டும்.

யூரெகா அளவீட்டுத் திட்டம் எதை மாற்றியது?

2020 ஜனவரி 20 முதல் பிப்ரவரி 20 வரை பார்படோஸுக்குக் கிழக்கே நான்கு ஆய்வு விமானங்களும் நான்கு ஆய்வுக் கப்பல்களும் ஒருங்கே இயங்கின. அவற்றுள் ஒன்றான ஹேலோ விமானம் 200 கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டங்களில் திரும்பத் திரும்பப் பறந்து கருவிகளைக் கீழே விட்டது. திட்டம் முழுவதும் இப்படி விடப்பட்டவை ஆயிரத்துக்கும் அதிகம். வட்டத்தின் சுற்றளவில் காற்றை அளந்தால், அதற்குள் காற்று எவ்வளவு மேலெழுகிறது அல்லது கீழிறங்குகிறது என்பதைக் கணிக்கலாம். பழைய ஒப்பீடுகளில் பெரும்பாலும் ஊகமாகவே கொடுக்கப்பட்ட அளவு இது. மாதிரிக்குள் செலுத்தும் அளவே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, விடையின் பிழையை மாதிரியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அந்த ஐயம் இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது.

வியாபாரக் காற்று மேகங்கள் அமையும் வடிவங்களுக்குச் சர்க்கரை, சரளைக்கல், மீன், பூ என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். பிப்ரவரி 2 முதல் 3 வரை சர்க்கரைத் தூளாகச் சிதறியிருந்த சிறுமேகங்கள் பூவடிவக் கூட்டங்களாக மாறின; காற்றோடு கூடவே நகரும் பரப்பில் இந்த மாற்றத்தை உருவகப்படுத்துவது இன்றைய ஒப்பீடுகளின் முக்கியக் காட்சிகளுள் ஒன்று. மெல்லிய மேற்படை விரிவதில் ஏடெக்ஸ் காலத்தில் தென்பட்ட இடர்ப்பாடு இங்கும் திரும்பி வருகிறது.

உலகம் முழுவதையும் சில கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டும் மாதிரிகளை இதே கணக்கில் சேர்க்கலாமா?

சேர்த்து ஒப்பிடலாம், ஒரே தரத்தில் வைக்க இயலாது. டயமண்ட் எனும் ஒப்பீட்டின் முதல் சுற்றில் ஒன்பது மாதிரிகள் 2016 ஆகஸ்ட் 1இல் தொடங்கி 40 நாட்களை, 5 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த கட்டத்தில் ஓட்டின. இரண்டாம் சுற்று யூரெகா தொடங்கிய அதே 2020 ஜனவரி 20இல் தொடங்குகிறது. ஆழமான இடிமேகங்களை இவை ஓரளவு நேரடியாகவே காட்டுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த திரள்மேகம் அவற்றுக்கு இன்னும் கட்டத்துக்குள் அடங்கிய பொருள்தான். மேகத்தைப் பாதி கணக்கிட்டும் பாதி ஊகித்தும் நிற்கும் இந்த இடைநிலை அளவில், கட்டத்துக்குள் அடங்கும் மேகங்களுக்கான தோராய விதியை வைப்பதா நீக்குவதா என்பதிலேயே குழுக்கள் பிரிந்து நிற்கின்றன.

சூடாகும் உலகில் தாழ்மேகங்களுக்கு என்ன ஆகும் என்று இந்த ஒப்பீடுகள் சொல்கின்றனவா?

ஓரளவு சொல்கின்றன. கலிபோர்னியாவை அடுத்த பசிபிக்கில் மூன்று இடங்களை எடுத்து, கடல் வெப்பநிலையை 2 டிகிரி உயர்த்திப் பார்த்த ஒப்பீட்டில், வெப்பம் தனியே உயர்ந்தால் படைத்திரள் மேகம் மெலிகிறது என்றும், கீழிறங்கும் காற்று வலுவிழந்தால் அது தடிக்கிறது என்றும் பெருஞ்சுழல் மாதிரிகள் காட்டின. காலநிலை மாதிரிகளின் ஒற்றைத்தூண் வடிவங்களோ (ஒரே இடத்தின் செங்குத்துக் காற்றுத்தூணை மட்டும் கணக்கிடுபவை) மேகம் கூடுமா குறையுமா என்பதிலேயே உடன்படவில்லை. வியாபாரக் காற்றுத் திரள்மேகங்களைப் பொறுத்தவரை, கலப்பு மிகுந்தால் மேக அடியே வறண்டுவிடும் என்று சில காலநிலை மாதிரிகள் காட்டிய வலுவான எதிர்வினை, யூரெகா அளவீடுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வில் உறுதிப்படவில்லை. இம்மேகங்களின் எதிர்வினை வலுக்குறைந்தது என்ற முடிவையே அந்த ஆய்வு தாங்கி நின்றது.

புதிதாக ஒப்பீட்டில் சேரும் குழு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பொதுக் குறிப்பிலிருந்து விலகும் ஒவ்வொரு சிறு செயலையும் எழுதிவைக்க வேண்டும். நீரின் உள்ளுறை வெப்பத்துக்கு எந்த மாறிலியைப் பயன்படுத்தினோம், மேல்விளிம்பில் அலைகளை எப்படித் தணித்தோம், பரப்பைக் காற்றோடு நகர்த்தினோமா என்பவைகூட விடையைத் தொடும். பரப்பை நகர்த்தினால் கடத்தல் பிழை குறைவதால் மேக அளவே மாறிய நிகழ்வுகள் உண்டு. சிறு பரப்பில் ஒரே நேரத்தில் சில மேகங்களே இருக்கும்; ஆகவே தொடக்கத்தில் இடும் தற்செயல் சலனத்தை மாற்றிச் சில ஓட்டங்கள் நடத்தி, தன் மாதிரியின் இயல்பான அலைவு எவ்வளவு என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதைவிடச் சிறிய வேறுபாட்டுக்கு விளக்கம் தேடுவது வீண். கொந்தளிப்பு வளர்ந்து நிலைபெறும் முதல் சில மணிநேரத்தைச் சராசரிகளில் சேர்க்கக் கூடாது. மூல விடைகளை, சராசரிகளாக மட்டுமன்றி முப்பரிமாணப் புலங்களாகவும் சேமித்துப் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும். பத்தாண்டுகள் கழித்து இன்னொருவர் வேறொரு கேள்வியோடு அவற்றிடம் திரும்பி வருவார்.